மறு: ஃபாட்டா மோர்கனாவுக்கு (Fata Morgana, அடிவானத்தில் கோட்டைபோலவும் மலைபோலவும் தெரியும் ஒளி மயக்கம்) தமிழ்ச்சொல்

> பேய்த்தேர் என்ற அருமையான சங்கச் சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? மோர்கனாவும் மாயக்காரிதானே.

சொல் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் பேய்த்தேர் பாலை நிலத்துச் சொல். வெந்த தரையில் நீர்போல ஓடித் தெரிவது அது. இன்று கானல் நீர் என்கிறோம். அங்கே தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைகிறது, வானத்தின் பிம்பம் தார்ச்சாலையில் வந்து கிடக்கிறது. ஃபாட்டா மோர்கனா இதற்கு நேர் எதிர். கடலையோ பனியையோ ஒட்டிக் குளிர்காற்று, அதன்மேல் வெப்பக்காற்று. ஒளி கீழ்நோக்கி வளையும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பாடநூல் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்.

> மாயக்கோட்டை?

இத்தாலியின் மெசினா நீரிணையில் மோர்கனா என்ற மாயக்காரி கோட்டை காட்டுகிறாள் என்ற கதைக்கு அது பொருந்தும். நடப்பது என்ன என்பதைச் சொல்லாது. ஒரே பொருளின் நேர் பிம்பமும் தலைகீழ்ப் பிம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, நீண்டு, கணத்துக்குக் கணம் மாறும். பனிமேடு செங்குத்துப் பாறையாகிவிடும். 1906-இல் துருவப் பயணி பியரி கண்டதாகச் சொன்ன ‘குரோக்கர் நிலம்’ தேடி 1914 ஏப்ரலில் மெக்மில்லன் என்ற இன்னொரு பயணி ஆர்க்டிக்கில் போனபோது, மலை, பள்ளத்தாக்கு, பனிச் சிகரம் எல்லாம் அடிவானத்தில் 120 பாகைக்கு விரிந்து தெரிந்தன. கூட வந்த இனுயிட் வழிகாட்டி அது வெறும் மூடுபனி என்றார். மெக்மில்லன் கேட்கவில்லை, கடற்பனிமேல் போய்க்கொண்டே இருந்தார். சூரியன் நகர நகர மலையும் உருமாறி, கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அதனால் என் பரிந்துரை: ‘நீர்’ என்பதை விட்டுவிட்டுக் கானல் என்பதையே அடிச்சொல்லாக வைப்போம். பிம்பம் கீழே விழுந்தால் கீழ்க்கானல், மேலே எழுந்தால் மேற்கானல், மேற்கானலில் பிம்பங்கள் பலவாக அடுக்கி வந்தால் அடுக்குக்கானல். ஃபாட்டா மோர்கனா இந்தக் கடைசி வகை. கடற்கரைச் சோலைக்கும் கானல் என்றே பெயர், குழப்பம் வரும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சிலப்பதிகாரத்தில் கானல்வரி படித்தவர் குழம்ப மாட்டார், படிக்காதவருக்கு அந்தப் பொருளே தெரியாது.

அப்புறம், பிம்பம் பெருகாமல் தூரத்துத் தீவு சற்று உயர்ந்து மட்டும் தெரிவது ஒன்று உண்டு. அதற்கு (looming) நம் கலைச்சொல் பட்டியலில் ‘தூக்கம்’ என்று இருக்கிறது. மாணவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். ‘எழுதோற்றம்’ சரிவருமா?