சாவிக் கொத்தும் நாயின் பதற்றமும்

அல்சூர் ஏரிக்கரை:
ஒயிட்பீல்டு வாசி நேற்று எழுதியது இது: "சாவியை நாளுக்கு இருபது தடவை எடுத்து வையுங்கள். ஒரே வாரத்தில் நாயின் பிரிவுப் பதற்றம் (தனியே விட்டால் வரும் பயம்) போய்விடும்." என் லாப்ரடார் கதவு நிலையையே கடித்துத் துப்பியிருக்கிறது. அதற்குச் சாவி வித்தைதான் மருந்தா?

ஒயிட்பீல்டு வாசி:
சாவி குலுங்கினால் நாம் கிளம்புகிறோம் என்று நாய்க்குத் தெரியும். சாவியை எடுத்தும் கிளம்பாமல் உட்கார்ந்தால் அந்தப் பயம் மெல்ல விடும். பிறகு சில நொடிகள் மட்டும் வெளியே நின்று திரும்ப வேண்டும். அது பதறாத அளவுக்கே நேரத்தைக் கூட்ட வேண்டும்.

அல்சூர் ஏரிக்கரை:
இருபது தடவை எடுத்தேன். இருபது தடவையும் எச்சில் வடிய வாசலுக்கு ஓடியது. காலையில் ஒரு தடவை பதறிய நாய் இப்போது நாள் முழுக்கப் பதறுகிறது. நல்ல வைத்தியம்!

பனசங்கரி மாமி:
துணைக்கு இன்னொரு நாய் வாங்குங்கள்.

ஒயிட்பீல்டு வாசி:
மாமி, அது ஏங்குவது மனிதருக்காக. துணை நாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஊளையிடும். முற்றிப்போனால் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். ஃபுளுவாக்சடின் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2007இலேயே இதற்காக அனுமதி கொடுத்துவிட்டார்கள். பயிற்சியோடு சேர்த்துத்தான், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

அல்சூர் ஏரிக்கரை:
நேற்று ஒரு வாரம், இன்று சில வாரங்கள். மாத்திரையை விடுங்கள், சாவிக்குப் பதில் சொல்லுங்கள்.

நாட்டுநாய்க்காரன்:
நான் வளர்க்கும் ராஜபாளையத்திடம் இந்தத் தொல்லையே இல்லை. 2005இல் அஞ்சல் தலையில் ஏறிய நாய் அது.

பனசங்கரி மாமி:
அதே வரிசையில் கர்நாடகத்து முதோல் நாயும் ஏறியது. கர்நாடகத்துச் சோறு சாப்பிடுகிறவருக்கு அது மட்டும் நினைவுக்கு வராது.

நாட்டுநாய்க்காரன்:
முதோலை நான் எங்கே குறை சொன்னேன்? சிலர் நாயைப் பத்து மணி நேரம் பூட்டிவிட்டு, சில்க் போர்டு சாலை நெரிசலில் நின்றுகொண்டு அதன் மேல் பழி போடுகிறார்கள். அதைச் சொல்லுங்கள்.

அல்சூர் ஏரிக்கரை:
ஜாடை எனக்குப் புரிகிறது. மீன்தொட்டி விவாதத்திலும் இப்படித்தான் பேசினீர்கள், மறக்கவில்லை. போன மாதம் வரை நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவன்.

ஒயிட்பீல்டு வாசி:
அதுதான் காரணமாக இருக்கும்! கூடவே இருந்தவர் திடீரென்று காணாமல் போனால் பதறாதா? சரி, எவ்வளவு இடைவெளி விட்டுச் சாவியை எடுத்தீர்கள்?

அல்சூர் ஏரிக்கரை:
இடைவெளியா? நேற்று அந்தச் சொல்லே இல்லை. ஒரே மூச்சில் இருபது.

ஒயிட்பீல்டு வாசி:
ஒரே மூச்சிலா! அதைச் சொல்லவும் வேண்டுமா?

பனசங்கரி மாமி:
நாயைத் திட்டிவிடாதீர்கள், இன்னும் மோசமாகும்.

அல்சூர் ஏரிக்கரை:
நாயை யார் திட்டினார்கள், மாமி? இருபது என்று எழுதியவரைத்தான் திட்டுகிறேன்.