கேமிங் கணினிக்கு எந்த யுபிஎஸ் பொருந்தும்? மலைப்பகுதி நண்பர்களிடம் ஆலோசனை வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டில், 60,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினியைப் பாகங்கள் வாங்கி நானே பொருத்தி அமைக்க எண்ணியுள்ளேன். பழைய 1080பி மானிட்டரையே பயன்படுத்தப் போகிறேன். ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு என்பது வரை முடிவாகிவிட்டது. கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த 5600ஜி பிராசஸரை வாங்கிவிட்டு கிராபிக்ஸ் கார்டைப் பிறகு சேர்க்கலாம் என்று கோவைக் கடைக்காரர் ஒருவர் சொன்னார். ஆனால் அந்தப் பிராசஸர், கார்டை இணைக்கும் பிசிஐஇ தடத்தில் பழைய, வேகம் குறைந்த 3.0 வரை மட்டுமே தரும்; 6600 கார்டோ எட்டு லேன்களில் (தரவுப் பாதைகளில்) தான் இயங்கும். இரண்டும் சேர்ந்தால் கார்டின் வேகம் குறையலாம் என்பதால் அந்த யோசனையில் எனக்கு உடன்பாடில்லை. இங்குள்ள குளிருக்கு, பிராசஸருடன் வரும் கூலரே தாராளம்.

தயக்கமெல்லாம் மின்சாரத்தைப் பற்றியதுதான். மழைக்காலத்தில் விளக்கு மங்கி மங்கி எரியும். கம்பி மீது மரம் சாய்ந்தால் மணிக்கணக்கில் மின்சாரம் இராது. நான் பார்த்து வைத்திருக்கும் 550 வாட் பவர் சப்ளை ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று) கொண்டது. இவ்வகை பவர் சப்ளைகள், விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் படிக்கட்டு அலையை (வளைவாக இல்லாமல் படிப்படியாக ஏறி இறங்கும் மின்சாரத்தை) ஏற்காமல் சில நேரம் அணைந்துவிடும் என்கிறார்கள். வீட்டு மின்சாரம் போலவே சீரான வளைவாக வரும் தூய சைன் அலை யுபிஎஸ் வாங்கினாலோ பட்ஜெட் எகிறுகிறது. குன்னூர், கூடலூர் பக்கம் இத்தகைய கணினியைச் சாதாரண 1000 விஏ திறன் கொண்ட யுபிஎஸ்ஸில் ஓட்டுபவர்கள், எந்த மாடல்கள் ஒத்துப்போயின என்று தெரிவிக்க வேண்டுகிறேன். பனிமூட்ட நாட்களில் கேபினெட்டுக்குள் ஈரம் கோக்காமல் என்ன செய்கிறீர்கள் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.