பெற்றோருடன் இங்கிலாந்தின் தென் கடற்கரை: ஒரு நாளில் எவ்வளவு பார்க்கலாம்?

முத்துநகர் மகள்:

அனைவருக்கும் வணக்கம். நான் தெற்கு லண்டனில் உள்ள குரோய்டனில் வசிக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஜூலை முதல் வாரம் வருகிறார்கள். லண்டனில் காட்ட வேண்டியதையெல்லாம் போன முறையே காட்டிவிட்டோம். இந்த முறை அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறார்: "அந்த ஊர்க் கடலைப் பார்க்க வேண்டும்." முப்பது ஆண்டுகளுக்கு மேல் துறைமுகத்தில் கணக்கு எழுதியவர் அவர். வயது 72. இடது முழங்கால் தேய்மானம். சமதளத்தில் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி என்றால் சிரமம். அம்மா சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. கடலுக்குப் போய்விட்டுக் கால் நனைக்காமல் திரும்ப அவருக்கு மனம் வராது.

எங்களிடம் கார் இல்லை. கணவருக்குச் சனிக்கிழமை மட்டும்தான் ஓய்வு. நான்கு பேரும் காலையில் கிளம்பி பிரைட்டன், செவன் சிஸ்டர்ஸ் சுண்ணாம்புப் பாறைகள், ஹேஸ்டிங்ஸ் மூன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரிவருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கொங்குநாடன்:

முடியும். போன ஆண்டு நானும் நண்பர்களும் வாடகைக் காரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பி மூன்றையும் பார்த்தோம். வீடு சேர இரவு பதினொன்று. ஹேஸ்டிங்ஸை விட்டுவிடாதீர்கள். கடற்கரையிலேயே உயரமான கறுப்பு மரக்கொட்டகைகள் வரிசையாக நிற்கும்; வலைகளை ஈரம் படாமல் வைக்க மீனவர்கள் கட்டியவை. துறைமுகம் கிடையாது, படகுகளைக் கூழாங்கல் கரையிலேயே இழுத்து ஏற்றுகிறார்கள். துறைமுகத்தில் இருந்தவருக்கு அது பிடிக்கும். அம்மாவுக்கு மணல் வேண்டுமென்றால் கொஞ்சம் தள்ளி கேம்பர் சாண்ட்ஸ் இருக்கிறது. தென்கிழக்கில் அவ்வளவு நல்ல மணல் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

நெடுந்தீவான்:

பிள்ளை, மூன்றையும் ஒரே நாளில் வேண்டாம். தம்பி கொங்குநாடன் சொல்வது இளங்கால்களுக்குச் சரி. அப்பாவுக்கு அந்த நாள் முழுவதும் இருக்கையில் ஏறி இறங்குவதாகவே முடிந்துவிடும்.

நான் பத்தொன்பது ஆண்டுகள் இந்தக் கரையோரச் சாலையில் பஸ் ஓட்டினேன். இப்போது ஓய்வு, வீடு நியூஹேவனில். வெளியூரிலிருந்து தாய் தகப்பனைக் கூட்டி வரும் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் ஏற்றி இறக்கியிருக்கிறேன். மாலையில் திரும்பும்போது அந்தப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்தாலே அந்த நாள் எப்படிப் போயிற்று என்று தெரிந்துவிடும். ஆறுதலாக உட்கார்ந்து கடலைப் பார்க்க நேரம் கிடைத்தவர்கள் கதைத்துக்கொண்டே வருவார்கள். மற்றவர்கள் தூங்கிக்கொண்டு வருவார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். ஈஸ்ட் குரோய்டனிலிருந்து பிரைட்டனுக்கு நேர் ரயில் இருக்கிறது, ஏறக்குறைய ஒரு மணி நேரம். லண்டன் நடுவுக்குப் போகவே தேவையில்லை. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து போனால் நெரிசல் இல்லாத நேரத்தில் 'குரூப்சேவ்' என்று மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். நீங்கள் நான்கு பேர், டிக்கெட் எடுக்கும்போது மறக்காமல் கேளுங்கள். பிரைட்டன் நிலையத்திலிருந்து கடலுக்கு நேரான இறக்கம்தான். ஆனால் அப்பாவை நடத்த வேண்டாம், ஓல்ட் ஸ்டீன் வரை பஸ்ஸிலேயே போங்கள்.

அங்கே ராயல் பெவிலியன் இருக்கிறது. ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் 1815 முதல் ஏழெட்டு ஆண்டுகளில் இளவரசர் ஜார்ஜுக்காக அதை இப்போதுள்ள வடிவத்துக்குக் கொண்டுவந்தார். வெளியே முழுக்க முகலாயக் குவிமாடங்கள், உள்ளே சீன நாகங்கள். பலரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் தெற்கு வாசலுக்குப் போய் நில்லுங்கள். அது 1921-ல் இந்தியா பிரைட்டன் நகருக்குக் கொடுத்த வாசல். முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு 1914 டிசம்பர் முதல் இந்த அரண்மனையே ஆஸ்பத்திரியாக இருந்தது. இசைக்கூடமும் விருந்து மண்டபமும் கட்டில்களால் நிறைந்திருந்தன. சமயத்துக்கும் சாதிக்கும் தக்கபடி தனித்தனி அடுக்களை, இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். நகரின் ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்களை ஊருக்கு வெளியே பட்ச்சம் குன்றில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் எட்டுத் தூண்கள் தாங்கும் வெள்ளைப் பளிங்குச் சத்திரி ஒன்று, அதாவது குடை வடிவ நினைவு மண்டபம், 1921 முதல் நிற்கிறது. பக்கத்தில் 2010-ல் வைத்த கல்லில் 53 பெயர்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதம் அங்கே நினைவுக் கூட்டம் நடக்கும். வாகனம் போகாது, புல்வெளிப் பாதையில் ஏற்றம். அப்பாவால் முடியாது. ஆனால் நீங்களும் கணவரும் ஒரு நாள் கட்டாயம் போங்கள். அந்தக் கல் வைத்த பிறகு நான் ஒரு நாள் தனியாகப் போய் அந்த 53 பெயர்களையும் வாய்விட்டு வாசித்தேன். காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவர்கள் ஊரில் யாருக்காவது இந்த இடம் தெரிந்திருக்குமா என்று வழி நெடுக நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

பெவிலியன் பக்கத்திலேயே ஈஸ்ட்போர்ன் போகும் பஸ் கிடைக்கும். சாதாரணமாக 12 எண் வண்டிகள் அடிக்கடி வரும், ஆனால் அவை செவன் சிஸ்டர்ஸ் பாறைகளைப் பார்க்கும் இடமான பேர்லிங் கேப்புக்குள் நுழைவதில்லை. உங்களுக்கு வேண்டியது 13எக்ஸ். அது எல்லா நேரமும் ஓடாது, அட்டவணையை முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். மாடியில் வலது பக்கம் உட்காருங்கள். கடல் முழுக்க அந்தப் பக்கம்தான். அப்பா படியேற விரும்பினால் ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவர் உட்காரும்வரை வண்டியை எடுக்கமாட்டார். முடியாவிட்டால் கீழே வலது ஜன்னலும் போதும். ராட்டிங்டீன், பீஸ்ஹேவன், அப்புறம் எங்கள் நியூஹேவன். பிரான்ஸின் தியெப் நகருக்குப் போகும் கப்பல் துறையில் நின்றால் தெரியும். ஸீஃபோர்டு தாண்டி மேடேறி இறங்கும்போது கக்மியர் ஆறு பள்ளத்தாக்கில் பாம்பாக வளைந்து கடலுக்குப் போவது தெரியும். பத்தொன்பது ஆண்டுகளில் அந்தத் திருப்பம் எனக்கு ஒரு நாளும் பழகிப்போகவில்லை. பனிமூட்டம் பள்ளத்தில் படுத்திருக்கும் காலைகளில் ஆறு மட்டும் வெள்ளிக்கம்பியாக மின்னும்.

பேர்லிங் கேப்பில் இறங்கினால் தேநீர்க்கடை, கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் கிட்டக்கிட்ட இருக்கின்றன. அதிகம் நடக்காமலே அந்த வெள்ளைப் பாறை முகடுகள் தெரியும். கடற்கரைக்கு இறங்கும் இரும்புப் படிக்கட்டு அப்பாவுக்கு வேண்டாம். அங்கே ஒரு வரிசை வீடுகள் இருந்தன. கடல் கரையை அரித்து அரித்து அவற்றில் சில ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அந்தப் பாறை இவ்வளவு வெண்மையாக இருப்பதற்கும் அதுவே காரணம். சரிந்துகொண்டே இருப்பதால் புல் முளைக்க நேரமில்லை. ஆகவே விளிம்புக்குப் போகாதீர்கள், பாறையடியிலும் உட்காராதீர்கள். மேலே கெட்டித் தரை போலத் தெரிவது கீழே வெறும் அந்தரமாக இருக்கலாம். படத்துக்காக விளிம்பில் நிற்பவர்களை ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்து நெஞ்சு பதறிய நாட்கள் உண்டு.

அடுத்த வண்டியில் பீச்சி ஹெட் வழியாக ஈஸ்ட்போர்ன். பீச்சி ஹெட் பாறை கடலிலிருந்து 162 மீட்டர் உயரம், அடியில் சிவப்பும் வெள்ளையுமாக 1902-ல் கட்டிய கலங்கரை விளக்கம். ஈஸ்ட்போர்னில் கடற்கரை நடைபாதை சமமாக நீளும், பெஞ்சுகள் ஏராளம். அப்பாவை அங்கே விட்டுவிடுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். திரும்ப அங்கிருந்தே ஈஸ்ட் குரோய்டனுக்கு நேர் ரயில்.

முத்துநகர் மகள்:

ஐயா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. அப்பாவிடம் போனில் வாசித்துக் காட்டினேன். ஆற்றுத் திருப்பத்தை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். இரண்டு கேள்விகள். அம்மா கால் நனைக்க ஈஸ்ட்போர்ன் சரிப்படுமா, இல்லை கேம்பர் சாண்ட்ஸுக்குத் தனியாக ஒரு நாள் போகலாமா? சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

இரட்டையர் தாய்:

சாப்பாட்டுக்கு நான் சொல்கிறேன். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். கடைகளில் உருளைக்கிழங்கு வறுவல் சைவம் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். சில இடங்களில் மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள், பல இடங்களில் மீனும் அதே எண்ணெயில்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள், சொல்லிவிடுவார்கள். இன்னொன்று: கரையில் திறந்து வைத்துச் சாப்பிடாதீர்கள். கடற்காகங்கள் கையிலிருந்தே பறித்துவிடும். என் மகன் மூன்று வயதில் பயந்து அழுதவன், இன்றும் பிரைட்டன் என்றால் தலையில் தொப்பி போட்டுக்கொள்வான்.

உங்கள் அப்பாவுக்கு இன்னொரு சனிக்கிழமை கிடைத்தால் போர்ட்ஸ்மத் துறைமுக நகருக்குப் போங்கள். மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் 1545-ல் மன்னர் எட்டாம் ஹென்றி கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூழ்கியது. 1982-ல் வெளியே எடுத்தார்கள். மாலுமிகளின் சீப்பு, செருப்பு, பகடைக்காய் வரை கிடைத்திருக்கின்றன. காட்சிக்கூடத்தில் லிஃப்ட் உண்டு, முழங்காலுக்குப் பயமில்லை. என் பிள்ளைகளை மூன்று மணி நேரம் கழித்து இழுத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

நெடுந்தீவான்:

கால் நனைப்பது பற்றிச் சொல்கிறேன், பிள்ளை, இதைக் கவனமாக வாசியுங்கள்.

தூத்துக்குடியிலும் எங்கள் நெடுந்தீவிலும் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். நாம் அதைப் பெரிதாக எண்ணி வளரவில்லை. இந்த ஆங்கிலக் கால்வாய்க் கடலில் அப்படியல்ல. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் நியூஹேவனில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும், அதாவது கடல் ஏறி நிற்பதற்கும் இறங்கி நிற்பதற்கும், ஆறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். கேம்பரில் மணல் தட்டையாக வெகுதூரம் போகும்; நடுவே மேடும் பள்ளமும். ஏற்றம் வரும்போது தண்ணீர் முதலில் பள்ளங்கள் வழியாக உங்கள் முதுகுப் பக்கம் வந்துவிடும். மேட்டில் நிற்பவருக்குத் தெரியாது.

2016 ஆகஸ்டில் லண்டனிலிருந்து ஒரு நாள் உல்லாசமாகப் போன எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து பேர் அங்கே கடலில் மூழ்கி இறந்துவிட்டார்கள். எல்லோரும் இளைஞர்கள். அன்று மாலைச் செய்தியைக் கேட்டபோது நான் வண்டியை நிறுத்திமுடித்து டிப்போவில் இருந்தேன். அவர்களில் எவரையும் எனக்குத் தெரியாது. ஆனாலும் அன்று முதல் கடற்கரைக்குப் போகிறேன் என்று சொல்லும் எந்தத் தமிழ்ப் பிள்ளையிடமும் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. கேம்பரில் இப்போது கோடையில் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். போனால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். யாராவது தண்ணீரில் தத்தளித்தால் பின்னால் குதிக்க வேண்டாம். 999 அழைத்து கோஸ்ட்கார்டு, அதாவது கடலோர மீட்புப் பிரிவு, என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு ஈஸ்ட்போர்னே போதும். மேலே கூழாங்கல், ஆனால் வற்று நேரத்தில் கீழே மணல் தெரியும். இணையத்தில் ஈஸ்ட்போர்ன் வற்று நேரம் பார்த்து, மாலை மூன்று நான்கு மணிக்கு வற்று விழும் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும், ஆகவே ஒரு வாரம் சரியில்லாவிட்டால் அடுத்த வாரம் பெரும்பாலும் சரிவரும். கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது, ரப்பர் செருப்பு வாங்குங்கள். ஜூலையிலும் தண்ணீர் குளிராகத்தான் இருக்கும்.

முத்துநகர் மகள்:

போய் வந்துவிட்டோம். நீங்கள் சொன்னபடி வற்று நேரம் பார்த்து மூன்றாவது சனிக்கிழமைதான் போனோம். அப்பா மாடிக்கு ஏறினார். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, அவர் உட்கார்ந்த பிறகுதான் கிளம்பினார். ஆற்றுத் திருப்பம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை. பேர்லிங் கேப்பில் காற்று அதிகம். அம்மா சேலைக்கு மேல் என் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டார். தயிர்சாதத்தை உள்ளே மேசையில் வைத்துச் சாப்பிட்டோம். ஈஸ்ட்போர்னில் மூன்றரை மணிக்கு அம்மா மணலில் இறங்கி முழங்கால்வரை நனைந்தார். தண்ணீர் சுட்டது போல இருந்ததாம், அவ்வளவு குளிர். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து, பாதைச் சுவரின் பாசிக் கோட்டைக் காட்டி, "தண்ணீர் அங்கேவரை வந்து போகிறது, பார்" என்று கணவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ரயிலில் யாரும் தூங்கவில்லை.

ஐயா, சத்திரிக்கு நானும் கணவரும் வருகிற ஞாயிறு போகலாமென்று இருக்கிறோம். அப்பா பெயர்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது?

நெடுந்தீவான்:

பிரேபூல் லேன் பக்கத்திலிருந்து ஏறுங்கள், பிள்ளை. நல்ல சப்பாத்து போடுங்கள். மழைக்குப் பிறகு சுண்ணாம்புப் பாதை வழுக்கும். மேலே தண்ணீரோ கடையோ இல்லை. ஞாயிறு நான் வீட்டில்தான், பத்து மணிக்கு அங்கே வந்து நிற்கிறேன்.