சிரை நோய்: ஸ்கேனில் தெரியாத அவதி

கேள்வி:
என் தாயாருக்கு 8 ஆண்டுகளாகக் காலில் நரம்புச் சுருட்டல் உள்ளது. மாலையானால் கணுக்கால் வீங்கிவிடும். காலுறை பதிந்த தடம் இரவுவரை மறையாது. ஸ்கேனைப் பார்த்த மருத்துவர் ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்கிறார். அம்மாவோ வெளியே செல்வதையே நிறுத்திவிட்டார். நோயின் அளவுக்கும் அவதிக்கும் தொடர்பே இல்லையா?

பதில் 1:
தொடர்பு உண்டு, ஆனால் நேர்விகிதத்தில் அன்று. (நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம், உண்மையில் அது சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுசெல்லும் குழாய்.) வால்வுகள் பழுதாகி இரத்தம் கீழ்நோக்கித் திரும்புவதால், நிற்க நிற்கக் காலில் அழுத்தம் ஏறுகிறது. சிரை நோய்க்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் சி.இ.ஏ.பி. வகைப்பாட்டின் சி0 முதல் சி6 வரையான படிகள் கண்ணுக்குத் தெரிவதையே தரம் பிரிக்கின்றன. வெளியே எதுவும் தெரியாத சி0 நிலையிலும் கால்கனமும் வலியும் இருக்கலாம். அதனால்தான் வலி, உடலியக்கம், மனநிலை, சமூக வாழ்வு ஆகியவற்றை நோயாளியிடமே கேட்டறியும், 20 கேள்விகள் கொண்ட ‘சிவிக்’ வினாப்படிவம் உருவானது.

பதில் 2:
உள்கணுக்காலுக்கு மேல் புண் வந்து ஆறியவன் நான். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், புண்ணுக்குப் போட்ட கட்டுத்துணியிலிருந்து நீர் கசிந்து நாற்றம் வீசுமோ என்ற அச்சத்தில், பேருந்தில் யார் அருகிலும் உட்கார்ந்ததில்லை. அதை எந்த ஸ்கேன் காட்டும்?

கேட்டவர்:
அம்மாவும் இதைத்தான் மறைக்கிறார் போலும். அழுத்தக் காலுறை அணியலாமா?

பதில் 1:
முதலில் தமனி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) இரத்த ஓட்டத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். அது குறைவாக இருந்தால் இறுக்கமான காலுறை தீங்காகும். அணியலாம் என்றால், காலையில் வீக்கம் ஏறுமுன் படுக்கையிலேயே அணிய வேண்டும்.