வாலியும் வாளியும் ஒன்றா? சொல் புதிருக்கு எழுத்தா, ஒலியா?

எழுத்தெண்ணி:
எங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவில் போட்ட விடுகதை இது: "கிணற்றுக்குள் போனால் தண்ணீரோடு வரும், ராமன் அம்பு பட்டால் உயிர் போகும். அது என்ன?" விடை வாளியாம்! ராமன் கொன்றது வாலியை அல்லவா? சொல் புதிர் என்றால் எழுத்து பிசகக் கூடாது. இதைப் பாருங்கள்: "முழுசாக இருந்தால் மிதப்பேன், நடுவில் இரண்டெழுத்தை எடுத்தால் மூழ்குவேன்." கப்பல். 'ப்ப' போனால் கல். யாராவது குறை சொல்ல முடியுமா?

மதுரைக்காரி:
கப்பல் அருமைதான். ஆனால் விடுகதை என்பது வாயால் போட்டுக் காதால் வாங்குவது. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா போட்டதற்கெல்லாம் எந்த எழுத்தை எண்ணுவீர்கள்? காளமேகமே பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடும்போது 'நஞ்சிருக்கும்' என்றுதான் தொடங்குகிறார். பாம்புக்கு அது விஷம். பழத்துக்கு? நைந்து போனதைப் பேச்சில் நஞ்சு போச்சு என்கிறோமே, அதுதான். 15ஆம் நூற்றாண்டுப் புலவருக்கே பேச்சு வழக்கு ஆகியிருக்கிறது.

எழுத்தெண்ணி:
ஆனால் பாட்டில் இருப்பது ஒரே 'நஞ்சு'. எழுத்து மாறவில்லையே! எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள்.

மேடைக்கூத்தன்:
எழுத்து ஒன்றாக இருந்தால் போதுமா? சரி, "பாட்டி வாயில் இருக்கும், பீமன் கையில் இருக்கும்." விடை கதை. எழுத்தில் துளி வித்தியாசம் கிடையாது. ஆனால் பீமனுடையதைச் சொல்லும்போது 'கணபதி'யில் வருகிற க அல்லவா வருகிறது? உங்கள் கணக்கில் இது பாஸ், காது ஒப்புக்கொள்ளாது. 'பாவம்' என்பதும் இப்படித்தான். செய்தால் நரகம், முகத்தில் காட்டினால் நாட்டியம்.

தமிழய்யா:
அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் சித்திரகவிகளில், அதாவது சொல் விளையாட்டுப் பாடல்களில், வினாவுத்தரம் என்று ஒன்று உண்டு. பல கேள்விகளின் விடைகளைக் கோத்தால் கடைசிக் கேள்விக்கு விடை வரும். பூமகள் யார்? திரு. போகிறவனிடம் என்ன சொல்வோம்? ஏகு. சரத்துக்கு வேறு பெயர்? அம்பு. அழகுக்கு? அம். சிவன் உறையும் இடம்? திருவேகம்பம், காஞ்சிபுரத்தில் இருப்பது. வெறும் எழுத்தைக் கூட்டினால் 'திருஏகுஅம்புஅம்' என்றுதான் நிற்கும். நடுவில் வகரம் நுழைவதும், ஏகு, அம்பு இரண்டிலும் குற்றியலுகரம் விழுவதும் சேர்த்துச் சொல்லும்போது நடப்பவை. ஒலியை விலக்கினால் இந்தப் புதிரே இல்லை.

எழுத்தெண்ணி:
அது புணர்ச்சி ஐயா, நன்னூலில் விதி இருக்கிறது. லகரத்தை ளகரமாக்க எந்த நூற்பா?

மதுரைக்காரி:
சந்தையில் போய் வாழைப்பழம் என்று கேளுங்கள், எத்தனை பேர் வாயில் ழகரம் வருகிறது பார்ப்போம். அவர்களெல்லாம் விடுகதை போடக் கூடாதா? ஒரு பொங்கல் விளையாட்டுக்கு ஏன் இவ்வளவு கோபம்?

எழுத்தெண்ணி:
என் மகள் 'வாளி, வாலி' என்று இரண்டையும் சரியாக எழுதிக் கொடுத்தாள். ஒரு விடைதான் சொல்ல வேண்டும் என்று தள்ளிவிட்டார்கள். 'வாளி' என்று சும்மா கத்திய பையனுக்கு டிபன் பாக்ஸ்.

மதுரைக்காரி:
அதானே பார்த்தேன்!