பருத்திக்கொட்டை 4 கிலோ போட்டால் மீத்தேன் பாதியாகுமாம்!

அசைபோடி: தினம் 4 கிலோ பருத்திக்கொட்டை வைத்தால் மாடு ஏப்பத்தில் விடும் மீத்தேன் வாயு பாதியாகிவிடும் என்று மடிநிறை இந்த மன்றத்தில் எழுதியிருக்கிறார். கீழே கைதட்டல் வேறு. ஒருவராவது கணக்குப் போட்டீர்களா?

மடிநிறை: கொழுப்பு மீத்தேனைக் குறைக்கும். பாலபாடம். இதற்கென்ன கணக்கு?

தவிட்டுக்குருவி: 400 கிலோ கறவை மாடு நாளுக்குச் சுமார் 12 கிலோ உலர்தீவனம் தின்னும். கொட்டையில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். 4 கிலோவில் 800 கிராம், அதாவது அந்த 12 கிலோவில் 6.5%க்கு மேல். வைக்கோல், தவிட்டில் உள்ளதையும் சேர்த்தால் 9 பக்கம் போகும். மொத்தக் கொழுப்பு 6, 7% தாண்டினாலே நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் படுத்துவிடும். தீனி எடுப்பு குறையும், பாலில் கொழுப்பு இறங்கும். பட்டினி போட்டாலும்தான் மீத்தேன் குறையும்!

மடிநிறை: முழுக்கொட்டை ஐயா, எண்ணெய் இல்லை. ஓடும் பஞ்சும் இருக்கிறது. மெல்லத்தான் கசியும்.

தவிட்டுக்குருவி: மெல்லக் கசிந்தாலும் 800 கிராம் 800 கிராம்தான். 2 கிலோ என்று எழுதியிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். அதையும் அரைக் கிலோவில் தொடங்கி 2, 3 வாரத்தில் ஏற்ற வேண்டும். தீவனத்தில் கொழுப்பு 1% கூடினால் மீத்தேன் 4, 5% குறையும். 2 கிலோவுக்கு 15% பக்கம். பாதி எங்கே இருக்கிறது?

புதுக்கன்று: பாதி என்பது நாளுக்கா, ஒரு லிட்டர் பாலுக்கா?

கொட்டில்காரன்: கொட்டை எதற்கு? பருத்திப் பிண்ணாக்கு போதாதா?

தவிட்டுக்குருவி: செக்குப் புண்ணாக்கில் கொழுப்பு 6, 7% நிற்கும். கரைப்பான் போட்டு எண்ணெய் எடுத்ததில் 1% தேறினால் அதிகம். புரதத்துக்கு ஆகும், மீத்தேனுக்கு ஆகாது.

கொட்டில்காரன்: புண்ணாக்கு இல்லை, பிண்ணாக்கு.

தவிட்டுக்குருவி: மாடு இரண்டையும் தின்னும்.

அசைபோடி: முதலில் வைக்கோலைப் பாருங்கள். 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் 3 வாரம் மூடினால் செரிமானம் ஏறும், பால் கூடும். லிட்டர் பாலுக்கு மீத்தேன் தானாக இறங்கும்.

மடிநிறை: யூரியா விஷம். குருவியார் இதற்கு மட்டும் மௌனமோ?

தவிட்டுக்குருவி: கரைசலை மாடு குடித்தால் விஷம். ஒரே இடத்தில் தேங்கினாலும் விஷம். மூடாக்கு ஓட்டையானால் அம்மோனியா ஓடிவிடும், பூஞ்சணம் பிடிக்கும். பிரித்து ஒரு மணி நேரமாவது நெடி போக ஆறவிட்டுப் போட வேண்டும். 6 மாதத்துக்குக் கீழே உள்ள கன்றுக்குக் கிடையாது. கோசிப்பால் என்ற நச்சு இருப்பதால் உங்கள் கொட்டையும் கன்றுக்குக் கிடையாது. அதை எழுதினீர்களா? சிக்கு வாடை வந்த தவிட்டை நல்ல தவிடு என்று போன மாதத் திரியில் சாதித்தவர்தானே நீங்கள்!

மடிநிறை: பழைய தவிட்டை ஏன் கிளறுகிறீர்கள்?

தவிட்டுக்குருவி: சரி, சாணத்தைக் கிளறுவோம். ஒரு கைப்பிடி எடுத்துச் சல்லடையில் போட்டு அலசுங்கள். விரல் நீள வைக்கோலும் முழுக்கொட்டையும் நின்றால் உங்கள் 4 கிலோவின் லட்சணம் தெரியும்.

மடிநிறை: முழுக்கொட்டை அப்படியே வெளியே வந்தால் 800 கிராமும் உள்ளே கசியவில்லை என்றுதானே அர்த்தம்? உங்கள் கணக்கை நீங்களே கவிழ்த்தாயிற்று.

தவிட்டுக்குருவி: கசியாத எண்ணெய் மீத்தேனை மட்டும் எப்படிப் பாதியாக்கியது? 4 கிலோ என்ற வரியைத் திருத்துங்கள்.

மடிநிறை: திருத்த மாட்டேன்.

கொட்டில்காரன்: பிண்ணாக்கையும் யாரும் திருத்தவில்லை.