மறு: பேரியம் கார்பனேட் 'நீரில் கரையாதது' என்றால் போதுமா?

காரைக்குடியிலிருந்து:

அன்பர்களுக்கு வணக்கம். சூளைகளுக்கான தமிழ்ப் பாதுகாப்புத் தாளில் பேரியம் கார்பனேட்டுக்கு நேரே 'நீரில் கரையாதது' என்று மட்டும் போட்டிருக்கிறோம். பாதி உண்மை, ஆபத்தான பாதி. செங்கல்லில் உப்புப் பூக்காமலிருக்க மண்ணோடு சேர்க்கும் வெள்ளைப் பொடி இது. மண்ணிலுள்ள கால்சியம் சல்பேட்டோடு வினைபுரிந்து கரையாத பேரியம் சல்பேட்டாக மாறுகிறது. ஆனால் விழுங்கினால் இரைப்பை அமிலம் அதைப் பேரியம் குளோரைடாக்கிவிடும். எலிமருந்தாகப் பயன்பட்டதும் இதனால்தான். எக்ஸ்ரேக்குக் குடிக்கத் தரும் சல்பேட்டோ அந்த அமிலத்தில் கரையாமல் அப்படியே வெளியேறுகிறது. இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைப் பொடி. இந்த வேறுபாட்டைக் காட்ட, உடலுக்குள் கரையும் தன்மைக்கு 'உடற்கரைமை' என்ற சொல் சரியா?

தேவகோட்டையிலிருந்து:

ஐயா, 'உடல்' என்பது அகலமாக இருக்கிறது. மூச்சில் போகும் தூசியிலும் ஒரு பகுதி சளியோடு தொண்டைக்கு வந்து விழுங்கப்படுகிறது. அதனால் 'இரைப்பை' என்றே சொல்லலாம். கரைந்த பேரியம், பொட்டாசியம் செல்லைவிட்டு வெளியேறும் வழியை அடைக்கிறது. உள்ளே போவது மட்டும் நடப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்குகிறது. முதலில் வாந்தி, பேதி, வாயைச் சுற்றி மரமரப்பு. பிறகு கைகால் துவளும், இதயத்துடிப்பு தாறுமாறாகும், மூச்சுத் தசையும் தளரலாம். மருத்துவமனையில் பெரியவர்களுக்கு 30 கிராம் மெக்னீசியம் சல்பேட் அல்லது சோடியம் சல்பேட் வாய்வழி தருவார்கள். குடலிலேயே பேரியம் கரையாத சல்பேட்டாகப் படிந்துவிடும். அந்த மருந்தை நரம்பில் ஏற்றக் கூடாது, பேரியம் சல்பேட் சிறுநீரகத்தில் படியும். பொட்டாசியத்தை ஈசிஜி பார்த்தபடி ஏற்ற வேண்டும்; பேரியம் விலகியதும் அது எதிர்ப்பக்கம் எகிறக்கூடும். வீட்டு வைத்தியத்துக்கு இடமே இல்லை.

கானாடுகாத்தானிலிருந்து:

பள்ளிப் பாடநூலில் 'கரைதிறன்' ஊன்றிவிட்டது, 'கரைமை' எதற்கு? 'இரைப்பைக் கரைதிறன்' என்று தாளில் வைப்போம். மூட்டையின் மேல் எழுத அதுவும் வேண்டாம்: "தண்ணீரில் கரையாது, வயிற்றில் கரையும். நஞ்சு." சூளையில் மண் மிதிப்பவருக்கு வினைச்சொல்தான் உடனே புரியும்.

காரைக்குடியிலிருந்து:

ஏற்கிறேன். சொல்லுக்கு ஓர் அளவுமுறையும் வேண்டும். பொம்மையைக் குழந்தை விழுங்கினால் நச்சு உலோகம் எவ்வளவு கரையும் என்று சோதிக்கும் முறை பொருந்தும். பொடியின் எடையைப்போல் 50 மடங்கு, லிட்டருக்கு 0.07 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம். 37 டிகிரியில் 1 மணி நேரம் குலுக்கி, 1 மணி நேரம் அசையாமல் வைத்து வடிகட்டிப் பேரியத்தை அளப்பது. கார்பனேட்டில் ஒரு பொறி உண்டு. 1 கிராமைக் கரைக்க ஏறக்குறைய 10 மில்லிமோல் அமிலம் வேண்டும், 50 மி.லி.யில் இருப்பது 3.5 மில்லிமோல்தான். அமிலம் தீர்ந்து, நஞ்சு குறைவு போலக் காட்டும். குலுக்கும்போதே பிஹெச் பார்த்து, 1.5-ஐத் தாண்டினால் லிட்டருக்கு 2 மோல் உள்ள அமிலத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டு 1.0-க்கும் 1.5-க்கும் இடையில் நிறுத்த வேண்டும். இந்தக் குறிப்பையும் சொல்லின் விளக்கத்திலேயே சேர்த்துவிடலாம். பச்சை மத்தாப்புக்குப் பயன்பட்ட பேரியம் நைட்ரேட் தண்ணீரிலேயே கரைவது. அதற்குத் தனி வரி.